பெரிஷான் வீசிய முக்காடு

குதிரைக்கு லாடம் அடிப்பதில் மனுக்கை மிஞ்ச எங்கள் மலைப்பக்கத்தில் ஆள் கிடையாது, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவன் ஆர்மீனியன், நான் குர்து. ஆனாலும் என் மகனுக்குச் சுன்னத் செய்தபோது அவனை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டது மனுக்தான். அப்படி ஒருவன் மடியில் நம் பிள்ளையின் ரத்தம் சிந்தினால் அவன் நமக்கு ‘கிரீவ்’. உடன்பிறந்தவன் மாதிரி. அவன்மேல் கைவைக்கக் கூடாது.

சுல்தானின் குதிரைப்படையில் எங்கள் குலத்தைச் சேர்த்தபின் எனக்குத் தலைவன் உடுப்பு தந்தார்கள். அது உடம்பில் இருக்கும்வரை எந்த நீதிபதியும் எங்களைத் தொட முடியாது. படைக்கு மேலதிகாரியான பாஷா அதைக் கழற்றச் சொல்லிவிட்டால் மேய்ச்சல் நிலம் போய்விடும். பகைக் குலம் எங்களை விட்டுவைக்காது. அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஆட்கள் மனுக்கின் ஊர் ஆடுகளை ஓட்டிவந்தபோது இரண்டு மேய்ப்பர்கள் செத்துப்போனார்கள். விசாரிக்க வரும் அதிகாரியிடம் மனுக் சாட்சி சொல்லப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது பாஷாவின் காதுக்கு எட்டினால் என் உடுப்பு போய்விடும். லாடம் அடிக்க வரச் சொல்லி ஆளனுப்பினேன். மதியம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்தான்.

“கிரீவா, அந்த அதிகாரிகிட்ட வாயத் திறக்காத.”

“செத்ததுல ஒருத்தன் என் தங்கச்சி புருஷன். நீயா இருந்தா சும்மா இருப்பியா? உடுப்பு மாட்டினதும் நீயும் சர்க்காராயிட்ட போல.”

துப்பாக்கியை எடுத்தேன். என் மனைவி பெரிஷான் ஓடிவந்து தலையிலிருந்த வெள்ளை முக்காட்டை எங்கள் நடுவே வீசினாள். ஒரு பெண் அப்படி வீசினால் எப்பேர்ப்பட்ட ஆணும் ஆயுதத்தைக் கீழே போட்டாக வேண்டும்.

“இதத் தாண்டினா நீ எனக்குப் புருஷனே இல்ல,” என்றாள்.

நான் வழக்கம் தெரியாதவனல்ல. துப்பாக்கியைப் போட்டேன். முக்காட்டை எடுத்து முத்தமிட்டு அவளிடம் கொடுத்தேன். “வா கிரீவா, ஓடை வரைக்கும் வழியனுப்புறேன்,” என்றேன். மனுக்குக்கு உயிர் திரும்பி வந்தது. பையை என்னிடமே கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான்.

முக்காடு விழுந்தது என் முற்றத்தில். ஓடைக்கு அக்கரை என் முற்றமல்ல. கீழே போட்ட துப்பாக்கியையும் நான் திரும்ப எடுக்கவில்லை. பையிலிருந்த சுத்தியல் போதுமாக இருந்தது.

பாஷாவின் ஆணையா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. மனுக் என்று ஒருவன் இருப்பதே பாஷாவுக்குத் தெரியாது. அவன் வாயை அடைக்கச் சொல்லி ஆணை வந்துவிடுமோ என்று பயந்து, வருவதற்கு முன்பே செய்துவிட்டேன். வந்திருந்தால், சத்தியமாக மறுத்திருப்பேன்.