அகல வீல் போட்ட வண்டி

லிங்கராஜபுரத்தில் ஏறியவர் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார். பஸ்ஸில் எதற்கு ஹெல்மெட் என்று என் மண்டையைக் குடைந்தது. நல்லவேளை, பக்கத்தில் இருந்த அவருடைய நண்பரே கேட்டுவிட்டார்.

"என்ன குரு, ஹெல்மெட்டோட பஸ்ல? வண்டி எங்க?"

"வீட்டுப் படியில மாட்டிக்கிச்சுடா."

"படியிலயா?"

"புதுசா ஸ்போக் வீல் போட்டேன்ல, நல்லா அகலமா, ஆர்டர் குடுத்துப் பண்ணது. வண்டிய படியில ஏத்த வீட்டு ஓனர் வாய்க்கா மாதிரி இரும்புச் சானல் போட்டு வெச்சிருக்காரு. அது பழைய டயர் அளவு. பாதி ஏறி நின்னுடுச்சு. மேலயும் போகல, கீழயும் வரல."

"காத்த எறக்க வேண்டியதுதான?"

"எறக்கினேன். டயர் பிதுங்கி இன்னும் இறுகிடுச்சு."

"வெல்டரக் கூப்பிடு."

"வந்தாரு. சானல வெட்டக் கூடாதுன்றாரு ஓனர். வீல வெட்டக் கூடாதுன்றேன் நான். படிய இடிக்கலாமான்னு பேச்சு போயிட்டிருக்கு."

"வீட்டுக்குள்ள எப்படிப் போறீங்க?"

"சீட்டு மேல ஏறித்தான். ஓனரம்மா செருப்பக் கழட்டிட்டு ஏறுறாங்க, பாவம்."

"சரி, இப்ப எங்க?"

"காக்ஸ் டவுன், மாமியார் வீடு. வீல் போட்டதே ஒய்ஃபோட தம்பிகிட்ட காட்டத்தான். வண்டியிலதான் வரேன்னு சொல்லிட்டேன்."

"அவன் ஒரு ரவுண்டு போறேன்னு சாவி கேட்டா?"

"சாவி இருக்கு, குடுத்துடுவேன். வண்டி எங்கன்னு கேட்டாத்தான் கஷ்டம்."

காக்ஸ் டவுன் வந்தது. எழுந்தார். ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கி, கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார்.