நான்காவது கட்டில், ஐந்தாவது மருந்து

விசாரணை அதிகாரி ஐயா அவர்களுக்கு,

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்கள் சிட்லபாக்கம் அலுவலகத்தில் யார் யார், எங்கெங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசல் பக்கம் முதலாளி சிட்டிபாபு சார். ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் பாலாம்பாள் அக்கா. அவருக்கு எதிரே மொஹ்சினின் நாற்காலி, காலி. சுவரோரம் பிரிண்டரை ஒட்டி ஸ்ரீரங்கனாகிய நான். மின்விசிறிக்கு நேர் கீழே யாரும் மேசை போடுவதில்லை, தாள் பறக்கும். காலி நாற்காலியை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதை விட்டுவிட்டால் அடுத்தவர் அதில் உட்கார்ந்திருந்ததாக ஆகிவிடும்.

எங்கள் வேலை சிறியது. படப்பைப் பக்கம் ஒரு நர்சிங் ஹோம். அங்கிருந்து தினமும் நோயாளிகள் விவரத்தோடு ஓர் எக்ஸ்எம்எல் கணினிக் கோப்பு வரும். அதை நோயாளிக்கு ஒரு சீட்டாகப் பிரித்து மெயிலில் திருப்பி அனுப்புவோம். சீட்டைப் பார்த்துத்தான் நர்சுகள் இரவு மருந்து கொடுப்பார்கள். அந்தக் கோப்பில் ஒருவருடைய விவரம் ஒரே இடத்தில் இருக்காது. முதலில் எல்லோருடைய பெயரும் வரிசையாக வரும். அதற்கப்புறம் எல்லோருடைய மருந்தும் வரிசையாக வரும். இரண்டையும் சேர்க்க எக்ஸ்எஸ்எல்டி என்ற கணினி மொழியில் நான் ஒரு ஸ்டைல்ஷீட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதியிருந்தேன். முதல் பெயருக்கு முதல் மருந்து, இரண்டாம் பெயருக்கு இரண்டாம் மருந்து. இடத்தை வைத்துச் சேர்ப்பது, அவ்வளவுதான். ஒரே பக்கத்தில் அடங்கும். யாருக்காவது மருந்துக் கட்டம் காலியாக வந்தால் அதில் 'முன்பு போலவே' என்று தானாக விழும்படி செய்திருந்தேன். என் மேசையிலிருந்து காலிக் கட்டம் போவது எனக்குப் பிடிக்காது.

நான் படித்தது உத்திரமேரூரில். வகுப்பில் வாத்தியார் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் பதினேழு. எனக்கு முன் எண்காரன் அப்பாவுக்கு மாற்றலாகி ஊரைவிட்டுப் போனபோது, அவனுக்குப் பின்னால் இருந்த எல்லோரும் ஓர் எண் மேலே ஏறினோம். பதினாறு என்றதும் நான் எழுந்து நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மொஹ்சின் சேர்ந்த புதிதிலேயே என் ஸ்டைல்ஷீட்டைத் திறந்து பார்த்தான்.

"அண்ணா, ஒருத்தருக்கு மருந்தே இல்லன்னா என்னா ஆவும்?"

"கோடு போட்டு அனுப்புவாங்க."

"அவங்க புது சாஃப்ட்வேர் போட்டுட்டாங்கண்ணா. இனிமே கோடு வராது, அந்த எலிமென்ட்டே வராது, அவங்களுக்குன்னு ஒரு வரியே இருக்காது. கீழ இருக்கறது எல்லாம் மேல ஏறிடும். ரெண்டுலயும் பெட் நம்பர் இருக்கு இல்ல, அதை வச்சு சேத்துடலாம்."

"இத்தனை நாள் ஏறலையே."

"ஏறினா யாருண்ணா தாங்கறது?"

பாலாம்பாள் அக்கா ஜன்னலோரத்திலிருந்து, "விடுப்பா மொஹ்சின், அவன் அந்த ஸ்டைல்ஷீட்டுக்கு வாராவாரம் கற்பூரம் காட்டறான். நீ போய் கை வைக்கறியே," என்றார். சிட்டிபாபு சார் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பையன் சொல்றது நியாயம்தான் ரங்கா. வெள்ளிக்கிழமைலேர்ந்து அவனோடத போட்டுடலாம்," என்றார்.

நானும் சிரித்தேன். மொஹ்சின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவன் கிளம்பும்போது என் மேசைக்கு வந்தான். "தொழுகை முடிச்சுட்டு அப்படியே சிங்கப்பெருமாள் கோவில்ல ஷபீனா அக்கா வீட்டுக்குப் போறேன். ஃபைல் வந்தா என்னோடத ரன் பண்ணி அனுப்பிடுங்கண்ணா." சரி என்றேன்.

கோப்பு வந்தது. அவன் எழுதியதை நீக்கிவிட்டு, என்னுடையதை அவன் வைத்திருந்த பெயரிலேயே அதே இடத்தில் வைத்தேன். புதியது ஒரு நாள் தடுமாறினால் பழையதற்குத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவே. அந்தக் கோப்பு அவன் பெயரில் பதிவாகியிருந்ததால் சீட்டுகளின் அடியில் 'தயாரித்தவர்: மொஹ்சின்' என்று விழுந்தது.

அனுப்புமுன் சரிபார்ப்பது என் பழக்கம். பெயர்களைவிட மருந்துகள் ஒன்று குறைவாக இருந்தன. முதல் கட்டில்காரருக்கு மறுநாள் அறுவை, மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே இரண்டாமவர் மருந்து முதலாமவருக்கும், மூன்றாமவருடையது இரண்டாமவருக்கும் ஏறியிருந்தன. நான்காவது கட்டிலில் சுபத்ரா என்று ஓர் அம்மா, காய்ச்சலுக்கு வந்தவர். அவர் பெயருக்கு நேரே ஐந்தாமவரின் இன்சுலின் இருந்தது. கடைசிக் கட்டில்காரருக்கு 'முன்பு போலவே'. சீட்டுகள் பார்க்க நன்றாக இருந்தன. ஒரு கட்டமும் காலி இல்லை. அனுப்பினேன்.

சாரும் அக்காவும் வீட்டுக்குப் போனபின் தொலைபேசி அடித்தது. முன் விசாரணையில், அந்த நேரம் நானும் கிளம்பிவிட்டதாகச் சொல்லியிருந்தேன். அது சரியல்ல. பேசியது நர்ஸ் பேபி.

"சார், நாலாம் பெட்டு அம்மா சொரத்துக்கு வந்தது. சுகர்லாம் இல்ல. இன்னா சார் இன்சுலின்னு போட்டுகீது?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"டாக்டரும் கெளம்பிட்டாரு. போடலாமா வேணாமா, ஒண்ணு சொல்லு சார். மொஹ்சின் சார்தானே பேசறது?"

அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். வேண்டாம் என்று சொன்னால் எல்லாச் சீட்டையும் திரும்பக் கேட்க வேண்டும். ஏன் என்று பார்ப்பார்கள். பார்த்தால், மொஹ்சின் சொன்னபடியே நடந்திருப்பதும், அது என்னுடையதில் நடந்திருப்பதும் தெரிந்துவிடும். பாலாம்பாள் அக்கா மறுபடியும் ஏதாவது சொல்வார்.

"ஆமாம், மொஹ்சின்தான். சீட்டுல இருக்கறது சரி. போட்டுடுங்க," என்றேன்.

அந்தம்மா விடியுமுன் இறந்துபோனார். மறுநாள் வீடு திரும்ப வேண்டியவராம். மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

மொஹ்சினை நீங்கள் அழைத்துப்போன பிறகு ஷபீனா அலுவலகத்துக்கு வந்தது. "அண்ணா, அவன் எங்க வூட்லதான் இருந்தான். அக்கா சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுபடும். அவன் உங்களப் பத்தி ரொம்ப மரியாதையா பேசுவான்ணா," என்று அழுதது. உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பஸ் வரும் வரை கூடவே நின்றேன்.

அப்போதே எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுத எதுவும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. ஊசியை நான் போடவில்லை. டாக்டரை வீட்டுக்கு நான் அனுப்பவில்லை. என்னைக் கேட்டார்கள், பதில் சொன்னேன்.

நேற்று சிட்டிபாபு சார் உங்கள் அறிக்கையின் நகலை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். படித்தேன். மொஹ்சின் தன் குற்றத்தை மறுக்கிறான் என்று போட்டிருக்கிறது. அது அவன் பாடு. அடுத்த பக்கத்தில், மரணத்துக்குக் காரணமான ஸ்டைல்ஷீட் 'மொஹ்சின் எழுதியது' என்றும், அதற்குக் கீழே 'அனுபவமில்லாத ஒருவரின் அரைகுறை வேலை' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

ஐயா, அதை எழுதியவன் நான். ஒவ்வொரு வரியும் என்னுடையது. அது அரைகுறை இல்லை. என்ன கொடுத்தார்களோ அதை வரிசை பிசகாமல் சேர்த்தது. வேண்டுமானால் தெரிந்தவர் யாரிடமாவது காட்டிப் பாருங்கள். ஒரு பிரதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

உறையில் பசை தடவிவிட்டேன். ஓரம் காய்ந்ததும் தாம்பரம் தபால் நிலையத்துக்கு நடந்தே போய்ப் பதிவுத் தபாலில் சேர்ப்பேன். அந்த இரண்டு வரிகளையும் தயவுசெய்து திருத்திவிடுங்கள். மற்றபடி அறிக்கையில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கன்