கோட்டு மேல கோடு

...அதுக்காக, நாத்தனாருங்கிற ஒரே காரணத்துக்காக நான் சோதனை ரிப்போர்ட்டப் பொய்யா எழுத முடியுமா, நீயே சொல்லு! உக்காரு உக்காரு. ஐயையோ, அந்த நாற்காலி வேணாம், அதுல எண்ணெய் ஒட்டிக்கிட்டிருக்கு. உங்கண்ணன் ரெண்டு நாளா என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. "என் தங்கச்சி செஞ்ச சரக்க ஒண்ணுக்கும் உதவாதுன்னு நீ எப்படிச் சொல்லலாம்?"னு ஒரே கோபம். நானா சொல்றேன்? எண்ணெய் சொல்லுது!

காபி குடிக்கிறியா? மெஷின் காபிதான். அதுவும் நம்ம கன எண்ணெயும் ஒண்ணு, கரண்டியப் போட்டா நிமிந்து நிக்கும்... வேணாமா? சரி, இங்க பாரு இந்தக் கிராஃப. மொதல்ல வேகத்தக் கூட்டற கேட்டலிஸ்ட்டே போடாம வெறும் சூட்டுல எண்ணெய ஒடைச்சேன். எந்தச் சூட்டுல எவ்வளவு வேகமா ஒடைஞ்சு லேசாகுதுன்னு புள்ளி வெச்சு, ஒரு கோடு போட்டேன். அப்புறம் உன் கேட்டலிஸ்ட்டப் போட்டு மறுபடியும் அதே சூடு, அதே எண்ணெய். வேகம் கூடணுமா இல்லியா? கோடு மேல ஏறணுமா இல்லியா? பாரு... கோட்டு மேலயே கோடு! முடியளவு கூட நகரல. மட்டமான சரக்கு கூட பேருக்காவது கொஞ்சம் அசைஞ்சு குடுக்கும்மா!

அழாத. இங்க பாரு, அழாதங்கறேன்ல. நாலு மணி மீட்டிங்ல கீழ இருக்கற உன் செக்‌ஷன மூடறதாத்தான் பேச்சு, எனக்கு மட்டும் மனசு கெடந்து அடிச்சுக்கலியா? நீ அந்தச் சூளை முன்னாடி வெந்து கருகினத நான் பாக்கலியா? ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல.

அண்ணி நாத்தனாருக்குப் பாஸ் போட்டுட்டான்னு ஒரு பய வாயத் தொறக்கக் கூடாது. அதுக்குத்தானே, சோதனைக்கு வர்ற டப்பா எதுலயும் பேரே ஒட்டக் கூடாதுன்னு நானே உத்தரவு போட்டேன்? உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறோம், மூச்சு விடலியே! நேரா ஸ்டோருக்குப் போனப் போட்டேன், கீழ் செக்‌ஷன் சரக்க அனுப்புன்னேன், அனுப்பினான். வெள்ளை வெளேர்னு, உருண்டை உருண்டையா. எண்ணெய ஒடைக்கற ரியாக்டர்ல அடியில முட்டுக் குடுக்கப் பீங்கான் குண்டு போடுவோமே, அசப்புல அதே மாதிரி! ஏம்மா, கேட்டலிஸ்ட்டுன்னா பாக்க ஒரு களை வேணாம்?

என்ன... ஏன் இப்படி முழிக்கிற? எதப் பாக்குற?

ஓ, செடியா? நீ குடுத்ததுதான். போன வாரம் நான் இல்லாதப்ப மேசை மேல வெச்சுட்டுப் போனியே. அதுவும் உன் சரக்கு மாதிரிதான், வந்ததுலேர்ந்து வாடிக்கிட்டே போகுது. நான் என்ன குறை வெச்சேன்? பக்கத்துலயே பேரு ஒட்டாத டப்பாவுல அலங்காரக் கல்லு வெச்சிருந்தியே, அதக்கூட ஒண்ணு விடாம தொட்டியில கொட்டினேன். அது மட்டும் ரொம்ப அழகும்மா, உள்ளதச் சொல்லணும். வெளிர்நீலமா, பொடிசு பொடிசா, ஒவ்வொண்ணும் மூணு இதழ் வெச்சு, அச்சுல பிழிஞ்சு எடுத்த மாதிரி...

அச்சுல...

ஏம்மா... உன் செக்‌ஷன்ல கேட்டலிஸ்ட்டப் பிழியற அச்சு ஒண்ணு இருக்கே... அது மூணு இதழா?

அடக் கடவுளே! அப்ப நான் ரெண்டு தடவையும் ஒடைச்சது... வெறும் சூட்டுலதானா? 'கீழ்'னதும் ஸ்டோர்க்காரன் ரியாக்டர் அடியில போடற பீங்கான் குண்டையே அனுப்பிட்டானா! கோடு எப்படி நகரும்!

ஏய், ஏய், தொட்டியத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுற? மீட்டிங் ரூமுக்கா? அங்க பெரிய ஆளுங்க எல்லாம்... அண்ணி சொன்னா கேளு... நில்லுடி!

சரி, போ. போய்ச் சொல்லு. அண்ணிதான் கொட்டினாங்கன்னே சொல்லு. உங்கண்ணன்கிட்டயும் நீயே சொல்லிடு தாயே, எனக்கு வாய் வராது... ஐயோ, நேராப் பிடி, நேராப் பிடி! வழியெல்லாம் சொட்டுது பாரு, இப்பதான் தண்ணி ஊத்தினேன்.