ஒரே வீடு, ஒரே விலை

கணவர்: ...அந்தத் தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு உன் தம்பியை.

அக்கா: டேய், ஜக்கு.

தம்பி: தள்ளிட்டேன்னு மாமாகிட்ட சொல்லுக்கா.

அக்கா: கை நீட்டினா எட்டுற தூரம்! அவர் ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில விலை போடுறார், நீ போட்டிக் கம்பெனியில விலை போடுற. விலையைப் பத்திப் பேசக்கூடாதுன்னுதானே உங்க வக்கீலுங்க சொன்னாங்க? ஜக்கைப் பத்தியுமா?

கணவர்: ஜக்குல ஆரம்பிச்சா விலையிலதான் வந்து நிக்கும். அதான் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கோம். அப்படியும் நாளைக்கு விசாரணை!

தம்பி: ரெண்டு கம்பெனியும் ஒரே வாரத்துல ஒரே விலை ஏத்தினா? பைசா பிசகலையே. கூட்டுச்சதின்னு முடிவு பண்ணிட்டா வேலையும் போச்சு, கம்பியும் எண்ணணும்.

அக்கா: அதெப்படிடா ஒரே விலை வந்துச்சு?

கணவர்: எங்க பக்கம் ஆழமான சந்தை ஆய்வு...

தம்பி: எங்க பக்கம் வரைபடமே போட்டோம். அதெல்லாம் மாமாவுக்குப் புரியாது, சொல்லிடு.

அக்கா: ஆகா... ஆய்வு! வரைபடம்!

கணவர்: ஏன் சிரிக்கிறே?

அக்கா: சிரிக்கலையே. இருமல்.

தம்பி: நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதுக்குச் சாட்சி உண்டா? அப்புறம் என்ன பயம்!

கணவர்: இல்ல மச்சான்... நேரா பேசலைன்னாலும் குத்தமாம். நடுவுல ஒரு ஆள் உக்காந்து ரெண்டு பக்கமும் விலை சொன்னாலே...

தம்பி: மாமா! நேரா பேசிட்டீங்க!

கணவர்: ஐயய்யோ... ஏம்மா, இப்ப சொன்னதை நீ ஒருதரம் அவன்கிட்ட சொல்லிடு.

தம்பி: நாளைக்கு மூணு பேரை வரச் சொல்லியிருக்காங்களாமே, அந்த மூணாவது ஆள் யாருன்னு கேளுக்கா.

அக்கா: என்னை எதுக்குடா கேக்கச் சொல்ற? எனக்கும்தான் சம்மன் வந்திருக்கு. 'மண்டை வெடிக்குது, நீயே ஒரு விலை சொல்லேன்'னு ஆய்வுக்காரர் மெசேஜ் அனுப்பினார். மறுநாளே வரைபடக்காரனும் அதையே கேட்டான். ரெண்டும் ஆபீஸ் போன்லேருந்து, மகா புத்திசாலிங்க! ஆளுக்கொரு விலை சொன்னா ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பான்னு சண்டைக்கு வருவீங்க. அதான் ரெண்டு பேருக்கும் ஒண்ணையே சொல்லிட்டேன்... சரி, காலையில மூணு பேரும் ஒரே வண்டியில போலாமா, இல்ல அதுவும் கூட்டுச்சதியா?