படகு வருகிறது

எனக்குக் கடல் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. உப்புப் பட்டால் கழுத்தெல்லாம் தடித்துவிடும். அதனால் பொங்கல் லீவுக்கு நண்பர்கள் கண்டியிலிருந்து வேன் பிடித்துக் கற்பிட்டிக்குப் போகும்போது நானும் போவேன், ஆனால் கரையோடு நின்றுவிடுவேன். பலகையில் பாயை நட்டு, அதன் மேல் நின்று, காற்றோடு அலையில் ஓடுகிற விளையாட்டுக்குத்தான் அவர்கள் போவார்கள். மலையில் பிறந்தவர்களுக்குக் கடலைக் கண்டால் ஒரு பைத்தியம்.

ஐயா, வெயில் கூச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று பொலிஸில் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். படகோட்டி அஹ்னாப் நானா கவனமில்லாமல் இருந்துவிட்டார் என்று அவர் மேல் வழக்கு வருகிறதாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மூன்று பிள்ளைக்காரர், எனக்கு மனசு கேட்கவில்லை.

இறந்துபோன திலீபனும் நானும் மஹய்யாவயில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். அவன் விழுவான், நான் தூக்குவேன். ஆறு வருடங்களுக்கு முன் அம்பிட்டிய வளைவில் என் மோட்டார் சைக்கிளை எடுத்துப்போய் ஒரு பெண்ணை இடித்துவிட்டான். அவனிடம் லைசன் இல்லை. "மச்சான், நீ ஓட்டினதாச் சொல்லிடுடா" என்றான். சொன்னேன். அந்த வழக்கால், கைக்கு வந்த ஆசிரியர் நியமனம் போயிற்று. இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் மற்றவர்களுக்குப் பார்வை சோதிக்கிறேன். அதற்காக நான் யாரையும் நொந்துகொண்டதில்லை.

கொஞ்சம் பொறுங்கள், போன் அடித்தது. திலீபனின் அம்மா அங்கம்மா. மூச்சு இழுக்கிறதாம். "வந்துக்கிட்டே இருக்கேம்மா, கதிரையில நிமிந்து உக்காருங்க" என்று சொல்லி வைத்தேன்.

இந்தத் தை மாதம் வேன் குருநாகலைத் தாண்டும்போது, திலீபன் அந்த விபத்துக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். பொலிஸில் நான் முழித்த முழியை நடித்தும் காட்டினான். கூட வந்த சுரேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "இவன் இருக்கிற வரைக்கும் எனக்கென்னடா" என்று திலீபன் என் தோளில் கை போட்டான். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. களைப்பாக இருந்தது. இன்னும் எத்தனை வருடம் என்றுதான் நினைத்தேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த மாதத்து வாடைக்காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். திரும்ப முடியாதவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே பிடிக்க வேண்டும். கரையில் நானும் அப்படியே பிடித்தால், படகு வருகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவன் கைகளால் தண்ணீரைத் துழாவிக் களைத்துப்போகாமல், பலகையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

அன்று இரண்டு மணிக்குப் பிறகு காற்று ஏறியது. சுரேஸ் கரையேறிச் சாப்பிடப் போய்விட்டான். திலீபனின் பாய் அடியோடு கழன்று தண்ணீரில் போயிற்று. அவன் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவினான். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டவும் வந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து கைகளைக் குறுக்கே பிடித்தான். நான் கொண்டுபோயிருந்த பைனாகுலரில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. நானும் கைகளைத் தூக்கிக் குறுக்கே பிடித்தேன்.

அவன் துழாவுவதை விட்டுவிட்டுக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான்.

படகுப் பக்கத்தில் இருந்த அஹ்னாப் நானா எழுந்து வந்தார். "தம்பி, அவர் கையக் காட்டுற மாதிரி இருக்கே. போட்டை எடுக்கவா?"

"இல்ல நானா, சும்மா விளையாடுறான். நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க."

கண்ணாடிக் கடைக்காரன் கண்ணை யார் சந்தேகிப்பார்கள்? அவரும் போய்விட்டார். நான் நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தேன். இடையில் ஒரு தரம் அவன் மறுபடியும் கைகளைப் பிடித்தான். நானும் மறுபடியும் பிடித்தேன். கடைசியில் பைனாகுலரிலும் ஒன்றும் தெரியவில்லை. துழாவிக்கொண்டே இருந்திருந்தால் கரை சேர்ந்திருப்பான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவன் பயப்படவில்லை, ஐயா. அதை நான் உறுதியாகச் சொல்லுவேன்.

அதன் பிறகு அவனுடைய அம்மாவை நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். "நீ இருக்கேன்னுதாம்பா நான் மூச்சு விடுறேன்" என்பார். மகன் சொன்ன அதே பேச்சு. மூச்சுக்கு அடிக்கிற பம்ப் தீர்ந்துபோய்விட்டது என்று நேற்றுச் சொன்னார். புதியதை வாங்கிவிட்டேன், இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் வீடு இங்கிருந்து எட்டு நிமிட நடை.

எழுதத் தொடங்கியதிலிருந்து நான்கு தரம் போன் அடித்துவிட்டார். ஒரு தரமும் நான் எடுக்காமல் விடவில்லை. நான்காவது தரம் பேச்சு சரியாக வரவில்லை. அடுத்த வீட்டுப் பாப்பம்மாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். "வேணாம்மா, நான் வாசலுக்கு வந்துட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அரை மணித்தியாலமாகப் போன் அடிக்கவில்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். என்னை நம்பிய யாரையும் நான் பயத்தோடு காத்திருக்க விட்டதில்லை, ஐயா.