இறக்கி வைக்கும் கல்

இரவு ஒன்றேகால். கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு வரும் சாலை. கடைசி லாரி போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் கரும்பு. பைக் விளக்கு எட்டும் தூரம்வரை ஆள் நடமாட்டமே இல்லை...

வண்டியில் வந்தவர் பழனிமுத்து. என் நண்பன் சேகரனின் சித்தப்பா மகன். ஹனூரில் பிறந்து, மைசூரில் இருபது வருடம் பிறருக்கு வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி. முதல் முறையாக, அந்தச் சாலையோரம் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கி மனை பிரித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் அவர் மனைவி அஞ்சலை தனியாகப் படுத்திருந்தாள்.

மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர் அல்ல. வெயிலில் எல்லா நிலமும் நல்ல நிலமாகத்தான் தெரியும். அதனால் மழை கொட்டும்போது குடையோடு போய் நின்றார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது என்று பார்த்தார். மார்பளவு குழி தோண்டினார். மேலே செம்மண், அடியில் களி. களி மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், மேலே நிற்கும் சுவரைப் பிளக்கும். ஆகவே அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டார். லாரி திரும்ப இடம் உண்டா, பத்திரத்தில் வில்லங்கம் உண்டா... எல்லாம் பார்த்தார்.

கடைசியாகப் பழைய ஊர் வரைபடம். அதில் அவர் நிலத்தின் நடுவே புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடியது. புள்ளிக் கோடு என்றால் நடைபாதை. ஆனால் நேரில் இடுப்பளவு புல். தார்ச்சாலை வந்தபின் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. எங்கே போகிற பாதை என்று அவர் யாரையும் கேட்கவில்லை. பின்பக்கம் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஆறடி உயரச் சுவர் எழுப்பினார். புல்லுக்குள் ஒரு பெரிய பலகைக் கல் கிடந்தது. பெயர்ப்பானேன், ஈரம் ஏறாத நல்ல தளம் என்று அதன் மேலேயே கொட்டகையைப் போட்டார். கட்டிலையும் போட்டார்.

அன்று இரவு வண்டியை நிறுத்தி இறங்கியதும்... சத்தம்.

சரக்... சரக்... ஜல்லியில் வெறுங்கால்கள். நாலு பேர் இருக்கலாம். ஊர்ப் பக்கமிருந்து வந்து கொட்டகைக்குள் போனது. கசங்கிய சாமந்தியின் வாசனை. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்... கட்டில் கால் கல்லில் படுகிற சத்தம். பிறகு அதே கால்கள் அவர் முன்னாலேயே திரும்பிப் போயின. கண்ணுக்கு யாருமில்லை.

ஓடிப்போய் டார்ச் அடித்தார். அஞ்சலை கண்ணைக் கசக்கினாள். “ஏனுங்க, கட்டில எதுக்குத் திருப்பிப் போட்டீங்க?”

தலைமாடு இருந்த இடத்தில் கால்மாடு.

“நான் இப்பத்தான் புள்ள வரேன். தூக்கத்துல நீயே திருப்பியிருப்ப. சிமெண்ட் மூட்டையத் தூக்கற கையாச்சே!” சிரித்துக் காட்டினார்.

மறுநாளும் திரும்பியது. அதற்கு மறுநாள் அவர் பக்கத்திலேயே விழித்திருந்தார்... ஒரு நொடி கண் அசந்தது. 'டக்'.

மூன்றாம் நாள் காலையில் அஞ்சலைக்குக் கை கால் சில்லிட்டிருந்தது. எழுந்திருக்கவே வெகுநேரம் பிடித்தது. அவர் பயந்துபோய், அந்த வழியே ஆடு மேய்க்கும் சித்தம்மாவை நிறுத்திக் கேட்டார். அவள் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

“அய்யோ சிவனே! அந்தக் கல்லு மேலயா மலகிறீங்க, படுக்கிறீங்க?”

அவள் சொன்னது இதுதான். அந்த ஊரில் இறந்தவரைக் காலை முன்னால் வைத்துத் தூக்கி வருவார்கள். பாதி வழியில், அந்தக் கல்லின் மேல் பாடையை இறக்குவார்கள். அங்கே திருப்பி, தலையை முன்னால் வைத்துத் தூக்குவார்கள். வந்த வழி மறந்துபோகட்டும் என்று. அப்புறம் நேரே ஏரிக்கரைச் சுடுகாடு. இப்போது சாலை வந்துவிட்டது, வண்டியில் கொண்டுபோகிறார்கள்.

“இறக்கித் திருப்பினா, தூக்கிட்டுப் போகணும் மேஸ்திரி. உன் சுவரு நடுவுல நிக்குது. அவங்க எங்க போவாங்க?”

“சுவர எடுத்துட்டா போயிருவாங்களா?”

“ஹூம்... போயிருவாங்க.”

அன்று மாலையே தன் கையால் சம்மட்டி அடித்துச் சுவரில் எட்டடி அகலத்துக்கு உடைத்தார். அஞ்சலையை மைசூரில், மண்டி மொஹல்லாவில் இருக்கும் அவள் தங்கை நிர்மலா வீட்டுக்கு அனுப்பினார். அவள் போகிறபோதும் வாய் குறையவில்லை. “சிமெண்ட யாரு பாக்கறது? பேய் வந்து காவல் காக்குமாக்கும்!”

இரவு. செங்கல் அடுக்குக்குப் பின்னால் அவர் மட்டும். அவள் பத்திரமாக இருக்கிறாள், அது போதும் என்று உட்கார்ந்திருந்தார்.

ஒன்றேகால்.

வந்தார்கள். ஆனால் ஊர்ப் பக்கமிருந்து அல்ல... மைசூர்ச் சாலைப் பக்கமிருந்து. காலடியும் வேறு. தொப்... தொப்... தொப்... சிறிய அடி, தட்டையான பாதம், நாலு பேருக்கும் ஒரே தாளம். இருபது வருடம் சுமையாட்களைப் பார்த்தவர் அவர். வெறும் ஆள் காலை வீசி நடப்பான். பாரம் தூக்கியவன் வீசமாட்டான். வீசினால் மற்றவன் தடுமாறுவான். இதுவரை வந்தவை வெறும் கால்கள்.

இன்று... பாரம் இருந்தது.

'டக்' சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. கொட்டகையை நெருங்கின, தாண்டின. நிற்கவே இல்லை. உடைத்த சுவர் வழியாக ஏரிப் பக்கம் இறங்கிப் போயின.

இறக்குவதும் திருப்புவதும் முந்தைய மூன்று ராத்திரியிலேயே முடிந்திருந்தன.

செல்போனை எடுத்தார். நிர்மலா தூக்கக் குரலில், “என்ன மாமா இந்நேரத்துல? அக்கா இங்கதான், எம் பக்கத்துல...”

பேச்சு நின்றது. விளக்கு போடும் சத்தம். வளையல் சத்தம். கதவுப் பக்கம் ஓடி, மறுபடி ஓடி வந்தாள்.

“மாமா... உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கு மாமா...”

அப்புறம், மெதுவாக,

“பாய் இன்னும் சூடா இருக்கு.”