ரோஸ்லின் வீட்டில் வடை இல்லை

– அதுல கை வச்சியன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன். அது ஜெபக் கூட்டத்துக்கு வாரவங்களுக்கு.

– ஒரு முறுக்கு, ரோஸ். ஒரே ஒரு முறுக்கு எடுத்தா உன் ஜெபக் கூட்டம் நின்னுடுமா?

– தட்டுல வட்டமா அடுக்கியிருக்கேன். ஒண்ணை எடுத்தா பல்லு விழுந்த மாதிரி தெரியும். பசிச்சா காலையில சுட்ட தோசை கிடக்கு, எடுத்துச் சாப்பிடுங்க.

– ஹவ், சரிதான். கட்டின புருஷன் பாபுவுக்குப் பழைய தோசை. சைனிக்புரி சிஸ்டர்ங்களுக்கு முறுக்கு, கேசரி, சுண்டல். அப்புறம் என்ன அது, மாவு?

– உளுந்த வடை. சூடா போடணும், அவங்க வந்து உக்காந்த பொறவு.

– அப்போ அவங்க ஜெபம் பண்ணும்போது நீ அடுப்புகிட்ட நிப்பே.

– பின்ன, வடை தானா பொரியுமா?

– போன தடவை நம்ம வீட்ல கூட்டம் வந்தப்பவும் இதேதான். அவங்க முட்டி போட்டிருந்தாங்க, நீ பிரியாணிக்குத் தம் போட்டுட்டு இருந்தே. ஆமென் மட்டும் கிச்சன்லேர்ந்து வந்துச்சு.

– ஆமென் சொன்னேன்லா, அது போதும். நீங்க ஃபேனைத் துடைச்சியளா?

– கைக்கு? ஃபேனை எதுக்குத் துடைக்கணும்? ஜெபத்துல எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்கல்ல?

– மூடுத மாதிரி மூடுவாங்க. அந்த ஷோபா ஒரு கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுதான் ஜெபம் பண்ணுவா. போன மாசம் அவ வீட்டுல பனீர் ரோல் போட்டா. பழத்தை நறுக்கிக் கண்ணாடிக் கிண்ணத்துல வச்சுத் தந்தா. நான் அதுக்குக் கீழ இறங்க முடியுமா?

– ரோஸ், இங்க பாரு. வாரம் பூரா ஜீடிமெட்லா. மருந்து கம்பெனியில ஆடிட்னு கண்ணு ரெண்டும் குழி விழுந்து வர்றே. டாக்டர் உன் பி.பி.யைப் பாத்துட்டு என்ன சொன்னாரு? ரெஸ்ட் எடுங்கன்னாரு. கிடைச்ச லீவுலயும் விடிஞ்சதுலேர்ந்து நின்னுட்டே இருக்கே. எங்க ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இன்ஜினைக்கூட ஓடி முடிச்சு வந்தா ஷெட்ல நிறுத்துவோம்.

– என்னைய இன்ஜின்னு சொல்லுதியளா?

– இன்ஜினுக்கு அவ்ளோ கஷ்டம் குடுக்க மாட்டோம்னு சொல்றேன்.

– வாயி. வாயி மட்டும் இல்லன்னா உங்களை... அய்யோ, சவம். அடுப்பு அணைஞ்சிட்டு.

– கேஸ் முடிஞ்சுடுச்சு போல.

– அந்த இன்னொரு சிலிண்டரை எடுத்து மாட்டுங்க.

– அதுவும் காலிதான். புக் பண்ணச் சொல்லியிருந்தே.

– பண்ணுனியளா?... வேண்டாம், சொல்ல வேண்டாம். நீங்க நிக்க நிப்புலயே தெரியுது.

– பக்கத்து வீட்டு நூர் முகமது பாய்கிட்ட கேட்டுப் பாக்குறேன். முகத்தை அப்படி வெச்சுக்க நக்கோ, ரோஸ். பயமா இருக்கு.

– போங்க, சீக்கிரம் போங்க. யாரோ பெல் அடிக்காங்க. அதுக்குள்ளயா வந்துட்டாங்க?

– ஷோபா சிஸ்டர்தான், தனியா நிக்குறாங்க. வாங்க சிஸ்டர், உள்ள வாங்க. நான் கொஞ்சம் வெளிய போய் வரேன்.

– ஸ்தோத்திரமுங்க ரோஸ்லின் அக்கா. கொஞ்சம் வெள்ளெனவே வந்துட்டனுங்க.

– ஸ்தோத்திரம் ஷோபா, உக்காரு. கேஸ் தீந்துட்டு, தப்பா நினைக்காத. வடை மட்டும்தான் பாக்கி. கேசரி ஆயிட்டு, சுண்டல் ஆயிட்டு...

– அக்கா, நான் அதைப் பத்திப் பேசத்தானுங்க வந்தேன். கோவிச்சுக்க மாட்டீங்களே?

– சொல்லு.

– அடுத்த மாசம் அனுபமா வீட்டு முறைங்க. அந்தப் புள்ள நேத்து போன்ல அழுகுதுங்க. கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு நாலு பலகாரம் எப்படிங்க்கா பண்றது, நான் கூட்டத்தை விட்டே நின்னுக்கறேங்குது. உங்ககிட்ட யாரு சொல்றதுன்னு சீட்டுப் போட்டுப் பாத்தோமுங்க. எம் பேரு விழுந்துருச்சு.

– என்கிட்ட எதுக்கு? பனீர் ரோல் போட்டது நீயிலா?

– போடாம எப்படிங்க்கா? உங்க வீட்ல பிரியாணி தின்னுட்டு வந்த நாள்லேர்ந்து எங்க யாருக்கும் தூக்கமில்லீங்க. அந்த ரோலுக்காக நான் ஆபீசுக்கு லீவு போட்டனுங்க.

– நான் உங்களைப் பாத்துலா பயந்துக்கிட்டு இருக்கேன்.

– நாங்க உங்களைப் பாத்துங்க.

– அப்போ சபீனா கூட்டத்துக்கு வராம நின்னது? ஷிஃப்ட் மாறிட்டுன்னு சொன்னாளே.

– ஷிஃப்டெல்லாம் இல்லீங்க்கா. அடுத்த தெருவுல ஒரே ரூமுல இருக்கறாங்க. எல்லாரும் போயி உக்காந்தா தட்டு வைக்க இடமில்லீங்க. அவ முறை வர்றதுக்குள்ள நின்னுக்கிட்டா.

– நான் அவ விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப் போயிட்டா, அவளுக்காக ஜெபியுங்கன்னு குரூப்புல மெசேஜ் போட்டேனே.

– அவளும் அந்தக் குரூப்புலதானுங்க இருக்கா. நானுங்கூடக் கீழ ஆமென் போட்டனுங்க. இப்ப நினைச்சா நாக்கைப் புடுங்கிக்கலாம்போல இருக்குது.

– ஷோபா, ஒண்ணு சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லிராத. நான் ஜெபிச்சு ரொம்ப நாளாச்சு. உதடு அசையும், உள்ள ஒண்ணும் ஓடாது. கண்ணை மூடினா ஆடிட் வருது. ஊர்ல எங்க அம்மைக்கு மாத்திரை வாங்கினாங்களான்னு வருது. வீட்டுல உளுந்து இருக்கான்னு வருது. படுத்தா நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுத மாதிரியே இருக்கு. ஆண்டவர் பக்கத்துல போயி செத்த நேரம் உக்காரணும்னு எனக்கும் ஆசைதான். அவரே வீட்டுக்கு வாராருன்னா, நான் அவருக்கு வடை சுடுதேன்.

– அவரு வடை கேட்டாருங்களா?

– கேக்கல.

– அப்ப உக்காருங்க. இந்தச் சோபாவுல. தோள்ல கிடக்கற துண்டைக் குடுங்க, அந்தக் கரண்டியையும் குடுங்க.

– இரு. மொதல்ல சபீனாவுக்குப் போன் போடு. அக்கா தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிருன்னு சொன்னேன்னு சொல்லு. வடை கிடையாதுன்னும் சொல்லு.

– போடறனுங்க... சபீனா, நான் ரோஸ்லின் அக்கா வீட்ல இருக்கேன். அக்கா உங்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. நெசமாத்தான். வர்றியா? இல்ல, வடை கிடையாது, கேஸ் தீந்து போச்சு... வர்றாளுங்க அக்கா. சிரிக்கறா.

– சிரிக்காளா. சரி.

– இப்பக் கையைக் குடுங்க. மாவு இருந்தாப் பரவால்லீங்க. நான் ஜெபிக்கறேன், நீங்க ஆமென்கூடச் சொல்ல வேண்டாம்.

– ஒண்ணும் சொல்லாம எப்படி?

– சும்மா இருங்க. உங்களுக்கு அவ்வளவுதான் வேலை... ஆண்டவரே, அக்கா வந்திருக்காங்க. ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க. கையில ஒண்ணும் கொண்டு வரலீங்க. நீங்களும் ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க. அவங்க தூக்கிட்டுத் திரியற மூட்டைய நீங்க வாங்கிக்குங்க. ஆடிட்டையும் வாங்கிக்குங்க. அவங்க அம்மாவையும் பாத்துக்குங்க. எங்க பயத்தையும் பொறாமையையும், எம் பனீர் ரோலையும் சேர்த்து வாங்கிக்குங்க. அவங்க நெஞ்சுக்குள்ள ஓடறது கொஞ்சம் நிக்கட்டுமுங்க. நீங்க இப்படிப் பக்கத்துலயே உக்காந்திருங்க... அக்கா? ஏனுங்க்கா?

– சிஸ்டர், பாய் வீடு பூட்டியிருக்கு, சிலிண்டர் கிடைக்கல... என்ன ஆச்சு? ரோஸ் ஏன் இப்படிச் சாஞ்சிருக்கா?

– பயப்படாதீங்க பாபு அண்ணா. தூங்கறாங்க.

– தூங்குறாளா? மாத்திரை போட்டுக்கூட வராதே. நீங்க என்ன பண்ணீங்க?

– ஜெபந்தானுங்க பண்ணுனேன். ஆமென் வர்ற வரைக்குங்கூட அக்கா தாங்கல.

– பாருங்க, வாயைத் திறந்துட்டா. கல்யாணமான புதுசுல இப்படித்தான் தூங்குவா. நான் பாத்தே ரொம்ப வருஷம் ஆச்சு சிஸ்டர்.

– அண்ணா, வாசல்ல செருப்புச் சத்தம். எல்லாரும் வந்துட்டாங்க. அனுபமா நிக்கறா, பின்னால சபீனாவும் வர்றா. அக்காவை எழுப்பட்டுங்களா?

– நக்கோ, நக்கோ. மெதுவா உள்ள வரச் சொல்லுங்க. சுண்டலை அவங்களே எடுத்துப் போட்டுக்கட்டும்.

– சரிங்கண்ணா. இன்னைக்குத் தேவசெய்தி குடுக்கறது யாருங்க? நான் குரூப்புல பாக்கலீங்க.

– ரோஸ்தான்.

– அட ஆண்டவரே. தலைப்பு என்னங்க?

– இளைப்பாறுதல். ஆரம்பிச்சுட்டா, சிஸ்டர். எல்லாரையும் சத்தம் போடாம உக்காந்து கேக்கச் சொல்லுங்க.